எல்லையில் தீர்மானமாகும் காந்தம்: அருமண், இடைநிலை உலோக மென்படலங்கள்

காடோலினியத் துண்டு ஒன்றைப் பனிக்கட்டி நீரில் நனைத்துக் காந்தத்தின் அருகே கொண்டுபோனால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அதையே வெந்நீரில் போட்டு எடுத்தால் பிடி தளர்ந்துவிடும். அதன் கியூரி வெப்பநிலை 293 கெல்வின், அதாவது ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ். 1935இல் உர்பேன், வைஸ், ட்ரோம்ப் ஆகிய மூவரும் இந்த உலோகத்தின் ஃபெர்ரோ காந்தத் தன்மையைக் கண்டறிந்தபோது, இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது காந்த உலோகம் கிடைத்துவிட்டது. ஆனால் அறை வெப்பநிலையிலேயே தடுமாறும் காந்தத்தை வைத்து என்ன செய்வது?

இதே காடோலினியத்தைச் சில அணு அடுக்குகள் தடிமனில் கோபால்ட் படலத்தின் மேல் படியவைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. கோபால்ட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் காடோலினிய அணுக்கள் அறை வெப்பநிலையைத் தாண்டியும் ஒழுங்கு குலையாமல் நிற்கின்றன. அதுவும் கோபால்ட் எந்தப் பக்கம் நோக்குகிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் நோக்கி நிற்கின்றன. தனியே இருந்தபோது இல்லாத உறுதி பக்கத்து உலோகத்திடமிருந்து வந்தது. அந்த உறுதியோடு எதிர்ப்பும் சேர்ந்தே வந்தது. ஐம்பது ஆண்டுகளாக நடக்கும் ஆய்வு முழுவதும் இந்த இரண்டையும் புரிந்துகொள்ளும் முயற்சிதான்.

இந்தக் கட்டுரையில் நான் முன்வைக்க விரும்புவது ஒன்றே. இப்படலங்களின் குணத்தை அவற்றிலுள்ள உலோகங்களின் பெயரும் மொத்தக் காந்தமாக்கமும் சொல்லிவிடாது. இரண்டு உலோகங்களும் சந்திக்கும் எல்லையில் அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதே அதைத் தீர்மானிக்கிறது. அந்த உட்காரும் விதமோ படலம் வளர்க்கப்பட்ட விதத்திலிருந்து வருகிறது.

உள்ளே 4எஃப், வெளியே 3டி

இரும்பிலும் கோபால்ட்டிலும் காந்தத்துக்குக் காரணம் 3டி எலக்ட்ரான்கள். அவை அணுவின் வெளிப்புறத்தில் பரவி, அண்டை அணுவின் எலக்ட்ரான்களோடு நேரடியாக உறவாடுகின்றன. அதனால் பரிமாற்ற இடைவினை வலுவானது. இரும்பின் கியூரி வெப்பநிலை 1043 கெல்வின், கோபால்ட்டுக்கு ஏறக்குறைய 1390 கெல்வின். ஆனால் அணு ஒன்றுக்குக் கிடைக்கும் காந்தத் திருப்புத்திறன் குறைவு: இரும்புக்கு 2.2 போர் மேக்னட்டான், கோபால்ட்டுக்கு 1.7.

அருமண் தனிமங்களில் நிலைமை தலைகீழ். 4எஃப் கூடு வெளி எலக்ட்ரான்களுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. காடோலினியத்தில் ஏழு 4எஃப் எலக்ட்ரான்களும் ஒரே திசையில் தற்சுழல்கின்றன. அவற்றின் தூண்டுதலில் வெளி எலக்ட்ரான்களும் சற்றுச் சாய்வதால் மொத்தம் 7.6 போர் மேக்னட்டான் கிடைக்கிறது. டிஸ்ப்ரோசியமும் ஹோல்மியமும் பத்தைத் தாண்டும். இவ்வளவு பெரிய காந்தம் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் இருந்தும், அணுக்கள் ஒன்றையொன்று நேரடியாக உணர்வதில்லை. கடத்தும் எலக்ட்ரான்களின் வழியாகத்தான் சேதி போகிறது. அந்தச் சேதி பலவீனமானது. ஆகவே டெர்பியம் 220 கெல்வினுக்கு அருகிலும், டிஸ்ப்ரோசியம் 90 கெல்வினுக்குக் கீழேயும்தான் ஃபெர்ரோ காந்தமாகின்றன.

இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 1972இல் கேம்ப்பெல் தந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. அருமண் அணுவின் 4எஃப் தற்சுழற்சி அதே அணுவின் 5டி எலக்ட்ரான்களைத் தன் பக்கம் சாய்க்கிறது. அந்த 5டி எலக்ட்ரான்கள் பக்கத்திலுள்ள இரும்பு அல்லது கோபால்ட்டின் 3டி எலக்ட்ரான்களோடு கலக்கும்போது எதிர்த்திசையில் அமைகின்றன. ஆக, இடையில் நிற்கும் 5டி எலக்ட்ரான்களின் வழியே 4எஃப் தற்சுழற்சியும் 3டி தற்சுழற்சியும் எப்போதும் எதிரெதிராகவே நிற்கும்.

தற்சுழற்சி எதிரெதிர் என்றால் காந்தமும் எதிரெதிர்தானா? நியோடிமியம், சமேரியம் போன்ற இலேசான அருமண்களில் சுற்றுப்பாதைக் கோண உந்தம் தற்சுழற்சிக்கு எதிராக இருக்கிறது, அதுவே பெரியதாகவும் இருக்கிறது. அதனால் மொத்தக் காந்தம் இரும்போடு ஒரே பக்கம் திரும்பிக் கூடுகிறது. ஒலிபெருக்கியிலும் மின்மோட்டாரிலும் இருக்கும் நியோடிமியம், இரும்பு, போரான் காந்தத்தின் வலிமைக்கு இது ஒரு காரணம். டெர்பியம், டிஸ்ப்ரோசியம் போன்ற கனமான அருமண்களில் இரண்டும் ஒரே பக்கம், காடோலினியத்திலோ தற்சுழற்சி மட்டுமே. ஆகவே அவற்றின் காந்தம் இரும்பின் காந்தத்தைக் கழித்துவிடுகிறது.

நிலைக்காந்தம் செய்பவருக்கு இந்தக் கழித்தல் நட்டம். மென்படலம் செய்பவருக்கோ அதுதான் முதல். நீல் 1948இல் ஃபெர்ரி காந்தக் கோட்பாட்டை எழுதியபோதே இதன் விளைவைக் கணித்திருந்தார். எதிரெதிரான இரண்டு துணை அணிகள் வெப்பத்தால் வெவ்வேறு வேகத்தில் தளர்ந்தால், ஏதோ ஒரு வெப்பநிலையில் இரண்டும் சமமாகி மொத்தக் காந்தமாக்கம் பூச்சியமாகிவிடும். அதை ஈடுசெய் வெப்பநிலை என்கிறோம். அதற்குக் கீழே அருமண்ணின் கை ஓங்கியிருக்கும், மேலே இடைநிலை உலோகத்தின் கை ஓங்கும். காடோலினியம், கோபால்ட் கலவையில் காடோலினியத்தின் பங்கு நூற்றுக்கு இருபதைச் சற்றுத் தாண்டும்போது இந்தப் புள்ளி அறை வெப்பநிலைக்கு அருகே வருகிறது.

அந்தப் புள்ளியில் படலம் காந்தமற்றுப் போய்விட்டது என்று எண்ணுவது தவறு. இரண்டு அணிகளும் முழு ஒழுங்கோடு உள்ளே நிற்கின்றன. வெளிப்புலத்துக்குத்தான் பிடித்து இழுக்க எதுவும் இல்லை. ஆகவே ஈடுசெய் புள்ளியை நெருங்க நெருங்கக் காந்த நீக்குத்திறன் செங்குத்தாக ஏறுகிறது. தயக்கக் கண்ணி அகன்று, அளக்கும் கருவியின் எல்லையையே தாண்டிவிடுகிறது.

உருவற்ற கலவையின் புதிர்

1973இல் ஐபிஎம் ஆய்வகத்தைச் சேர்ந்த சௌத்ரி, குவோமோ, கேம்பினோ ஆகியோர் காடோலினியத்தையும் கோபால்ட்டையும் சேர்த்து ஸ்பட்டரிங் முறையில் படியவைத்தார்கள். ஆர்கான் அயனிகள் இலக்குத் தகட்டை மோதி அணுக்களைப் பெயர்த்தெடுக்க, அவை எதிரேயுள்ள தட்டில் வந்து படியும் முறை இது. கிடைத்த படலத்தில் படிக ஒழுங்கு இல்லை. ஆனால் காந்தமாக்கம் படலத்துக்குச் செங்குத்தாக எழுந்து நின்றது.

இது எதிர்பாராதது. மெல்லிய படலத்தில் காந்தமாக்கம் தளத்துக்குள் படுத்துக்கொள்ளவே விரும்பும், வடிவத்தால் வரும் ஆற்றல் அப்படி. அது காந்தமாக்கத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், ஈடுசெய்யப்பட்ட படலத்தில் மிகச் சிறியதாகிவிடுகிறது என்பது பாதி விடை. ஆனால் தடை நீங்கினால் மட்டும் போதாது, செங்குத்தாக நிறுத்த ஒரு காரணமும் வேண்டும். படிகமே இல்லாத பொருளில் ‘மேல்’ என்ற திசையை அணுவுக்கு யார் காட்டுவது?

டெர்பியத்திலும் டிஸ்ப்ரோசியத்திலும் ஒரு துப்பு கிடைக்கிறது. அவற்றின் 4எஃப் மின்சுமை முகில் உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருக்கிறது. சுற்றியுள்ள அணுக்களின் மின்புலம் அந்தத் தட்டையை ஒரு குறிப்பிட்ட வாக்கில் சாய்க்கிறது, காந்தமும் கூடவே சாய்கிறது. உருவற்ற பொருளில் ஒவ்வொரு அணுவின் சுற்றுப்புறமும் வேறு என்பதால், டெர்பிய அணுக்கள் ஒரே கோட்டில் நிற்காமல் கூம்பு ஒன்றுக்குள் விசிறிபோல விரிந்து நிற்கின்றன. ஹாரிஸ், பிளிஷ்கே, சுக்கர்மன் ஆகியோர் 1973இல் இதற்கான மாதிரியைத் தந்தார்கள். 1976இல் கோயும் அவருடைய குழுவினரும் டிஸ்ப்ரோசியம், கோபால்ட் கலவையில் இந்த அமைப்பை விவரித்தார்கள். ஸ்பெரி காந்தம் என்ற பெயர் அப்போது நிலைத்தது.

விசிறியின் நடு அச்சு ஏன் படலத்துக்குச் செங்குத்தாக இருக்கிறது? தகைவு என்றார்கள் சிலர், தூண் தூணாக வளர்ந்த நுண்ணமைப்பு என்றார்கள் சிலர். 1992இல் வந்த இரண்டு ஆய்வுகள் வாதத்தைப் பெருமளவு ஒரு பக்கம் சாய்த்தன. இன்னொரு ஹாரிஸின் தலைமையிலான குழு எக்ஸ் கதிர் உட்கவர்தல் நுண்ணமைப்பை அளந்து, டெர்பியம், இரும்புப் படலத்தில் அண்டை அணுக்களின் இணைகள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை என்று காட்டியது. ஒரே தனிமத்தின் இணைகள் தளத்துக்குள் கூடுதலாகவும், டெர்பியமும் இரும்பும் சேர்ந்த இணைகள் செங்குத்தாகக் கூடுதலாகவும் இருந்தன. அதே ஆண்டு ஹெல்மனும் ஜியோர்ஜியும், படலம் வளரும்போது மேற்பரப்பிலிருக்கும் அணுக்கள் சற்று நகர்ந்து அமர்வதே இந்தத் திசையொவ்வாப் பண்பின் பிறப்பிடம் என்று வாதிட்டார்கள். பார்வைக்கு உருவற்றதாக இருந்தாலும் படலம் தான் வளர்ந்த திசையை மறக்கவில்லை. மிதமாகச் சூடாக்கினால் அணுக்கள் நகர்ந்து அந்த நினைவு அழிகிறது, செங்குத்துத் தன்மையும் குறைந்துவிடுகிறது. இந்த ஒத்துப்போதல்தான் என்னை இந்த விளக்கத்தின் பக்கம் நிறுத்துகிறது. காடோலினியத்தின் 4எஃப் முகில் உருண்டை என்பதால் அங்கே இதே விளக்கம் நேரடியாகப் பொருந்தாது. அது தனி வழக்கு.

இந்தப் படலங்கள் ஆய்வகத்தோடு நிற்கவில்லை. காந்தப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் தளவிளைவுத் தளம் சற்றே திரும்பும் என்பதை ஜான் கெர் 1877இல் எழுதியிருந்தார். திரும்பும் கோணம் அரை டிகிரிக்கும் குறைவு, ஆனால் படிப்பதற்கு அது போதும். டெர்பியம், இரும்பு, கோபால்ட் கலவை அறை வெப்பநிலையில் ஈடுசெய் புள்ளிக்கு அருகே இருக்கும்படி செய்யப்பட்டது. அப்போது எந்தச் சாதாரணக் காந்தமும் அதிலுள்ள பதிவை அழிக்க முடியாது. லேசர் ஒரு புள்ளியை 200 டிகிரி செல்சியசுக்கு அருகே சூடாக்கினால் காந்த நீக்குத்திறன் சரிந்து, சிறிய புலமே எழுதிவிடும். 1988இல் நெக்ஸ்ட் கணினியில் 256 மெகாபைட் வட்டாகவும், 1992இல் சோனியின் மினிடிஸ்க்காகவும் இது கடைக்கு வந்தது. மலிவான ஃபிளாஷ் நினைவகம் வந்தபின் சந்தை சுருங்கியது. 2025 பிப்ரவரியில் சோனி பதிவு மினிடிஸ்க் உற்பத்தியை நிறுத்தியது. வெப்பத்தின் துணையோடு எழுதும் அந்த உத்தி மட்டும் இரும்பு, பிளாட்டினம் படலத்துக்கு இடம்பெயர்ந்து இன்றைய பெருங்கொள்ளளவு வன்தட்டுகளில் உயிரோடிருக்கிறது.

அடுக்கு என்றால் எது அடுக்கு?

கலவையாகக் கலக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன என்ற கேள்வி எண்பதுகளில் வலுப்பெற்றது. இங்கே தடிமனே எல்லாவற்றையும் மாற்றுகிறது.

அடுக்கு ஒரு நானோமீட்டருக்கும் மெலிந்திருந்தால் அதைத் தனி உலோகமாகப் பார்ப்பதில் பொருளில்லை. ஏறத்தாழ ஒவ்வோர் அணுவும் எல்லையில்தான் இருக்கிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் செல்மையரும் ஷானும் டிஸ்ப்ரோசியம், கோபால்ட் அடுக்குகளில் செய்த தொடர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஒவ்வோர் அடுக்கும் ஏறக்குறைய 0.6 நானோமீட்டர் இருக்கும்போது செங்குத்துத் திசையொவ்வாப் பண்பு உச்சத்தைத் தொட்டது. அதைவிட மெலிந்தால் இரண்டும் கலந்து சீரான கலவையாகி, திசையை உணர்த்தும் வேறுபாடு குறைகிறது. அதைவிடத் தடித்தால் எல்லையிலிருந்து விலகிய அணுக்கள் பெருகி, எல்லையின் பங்கு நீர்த்துப்போகிறது. கலவையில் இயற்கை தானாகச் செய்த இணைகளின் அடுக்கை, இங்கே கையால் செய்ததுபோல ஆகிறது.

அடுக்கு பல நானோமீட்டர் தடிமனாகும்போது வேறொரு காட்சி. இப்போது உண்மையாகவே இரண்டு காந்தங்கள் இருக்கின்றன, எல்லையில் மட்டும் எதிரெதிரே நிற்போம் என்று உடன்பாடு. கேம்லியும் டில்லியும் 1987, 1988 ஆண்டுகளில் இரும்பு, காடோலினிய அடுக்குகளுக்கு எழுதிய கோட்பாடு மூன்று நிலைகளைச் சொன்னது. உயர் வெப்பநிலையில் இரும்பு வெளிப்புலத்தோடு நிற்கும், காடோலினியம் எதிர்த்து நிற்கும். தாழ் வெப்பநிலையில் காடோலினியம் புலத்தோடு நிற்கும், இரும்பு எதிர்க்கும். இடைப்பட்ட நிலையில் எந்த அணியும் முழுதாக விட்டுக்கொடுக்காமல், எல்லையிலிருந்து உள்ளே போகப் போகத் திசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, படலமே முறுக்கிய கயிறுபோல ஆகிவிடும். திரண்ட கலவையில் இப்படி முறுக்க மிகப் பெரிய புலம் வேண்டும், ஏனென்றால் ஒவ்வோர் அணுவும் எதிரணி அணுவோடு கட்டுண்டிருக்கிறது. அடுக்கிலோ முறுக்கு பல அணுத்தளங்களுக்குப் பகிர்ந்துகொள்ளப்படுகிறது, ஆகவே ஆய்வகத்துச் சாதாரண மின்காந்தமே போதுமானது. தடிமனை மாற்றி, இயற்கை தந்த இடைவினையின் விளைவைக் கையால் திருத்த முடிகிறது என்பது இத்துறையின் மிகப் பெரிய கொடை என்று நினைக்கிறேன்.

மூலக்கூறுக் கற்றை முறையில் ஆக்ஸ்ஃபோர்டில் வளர்க்கப்பட்ட ஒற்றைப் படிக அடுக்குகள் இதை இன்னும் தெளிவாக்கின. டிஸ்ப்ரோசியம்–இரும்பு, இட்ரியம்–இரும்பு என்ற இரண்டு சேர்மங்களும் ஒரே படிக அமைப்புடையவை. இட்ரியத்துக்குக் காந்தம் இல்லை. ஆகவே இரும்பு அணி அடுக்குகள் முழுவதும் தடையின்றி ஓடுகிறது, டிஸ்ப்ரோசியம் மட்டும் மாற்று அடுக்குகளில் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. புலம் கொடுத்தால் இட்ரியம் அடுக்கிலுள்ள இரும்பு சுருள்வில்போல முறுக்கிக்கொள்கிறது, எடுத்தால் பழைய நிலைக்கு மீள்கிறது.

இவையெல்லாம் எல்லை கூர்மையாக இருக்கிறது என்று நம்பும்போது. அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு இடம் உண்டு? அருமண்ணும் கோபால்ட்டும் கலப்பதை ஆற்றல் ரீதியாக விரும்பும் உலோகங்கள், கலந்தால் வெப்பம் வெளியேறும். அணு அளவும் மிக வேறு: காடோலினியத்தின் ஆரம் ஏறத்தாழ 1.8 அங்குஸ்ட்ராம், கோபால்ட்டுக்கு 1.25. படியும்போதே எல்லை உருவற்ற கலவையாகிவிடுகிறது. அருமண்ணின் மேல் கோபால்ட்டைப் படியவைத்த எல்லையும், கோபால்ட்டின் மேல் அருமண்ணைப் படியவைத்த எல்லையும் ஒன்றுபோல் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆய்வேட்டில் ‘காடோலினியம் 1 நானோமீட்டர், கோபால்ட் 1 நானோமீட்டர்’ என்று எழுதியிருப்பது படிவுக் கருவிக்குக் கொடுத்த கட்டளையே தவிர, படலத்துக்குள் இருக்கும் அமைப்பாக இருக்க வேண்டியதில்லை.

மொத்தக் காந்தமாக்கத்தை அளக்கும் கருவி இந்த இடத்தில் நம்மைக் கைவிடுகிறது. அது கூட்டலின் விடையை மட்டும் சொல்லும், எந்த எண்களைக் கூட்டினோம் என்று சொல்லாது. 1987இல் ஷ்யூட்ஸ் குழுவினர் காட்டிய எக்ஸ் கதிர்க் காந்த வட்ட இருநிறத்தன்மை இதற்கு மருந்தாக வந்தது. கோபால்ட்டை 778 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகிலும், காடோலினியத்தை 1190 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகிலும் தனித்தனியே கேட்கலாம், ஒவ்வொன்றும் தன் திசையையும் அளவையும் சொல்லும். ஆழவாரியாகப் பார்க்க நியூட்ரான் எதிரொளிப்பு சிறந்த முறை. ஆனால் நியூட்ரானை விழுங்குவதில் காடோலினியத்தை மிஞ்சும் தனிமம் இல்லை என்பதால், இந்த உலோகத்துக்கு மட்டும் அந்த வழி மிகக் கடினமாகிறது. அங்கே ஒத்ததிர்வு எக்ஸ் கதிர் எதிரொளிப்பு கைகொடுத்தது. எல்லையை ஒட்டிய சில அங்குஸ்ட்ராம் காடோலினியம் 293 கெல்வினைத் தாண்டியும் காந்தமாகவே இருக்கிறது என்பதை இவ்வகை அளவீடுகளே உறுதிசெய்தன.

மேற்பரப்பு விஷயத்தில் அவசரப்பட்ட முடிவு எப்படி நீடிக்கும் என்பதற்குக் காடோலினியமே சான்று. 1985இல் வெல்லர் குழுவினர், அதன் மேற்பரப்பு உள்பகுதியைவிட 22 கெல்வின் உயர்ந்த கியூரி வெப்பநிலை உடையது, உள்பகுதிக்கு எதிர்த்திசையில் நிற்கிறது என்று அறிவித்தார்கள். எதிர்த்திசை என்ற கருத்தைத் தூய்மையான படலங்களில் செய்த பிந்தைய அளவீடுகள் ஏற்கவில்லை. 2000இல் ஆர்னால்டும் பப்பாசும் மேற்பரப்பு உள்பகுதியோடு சேர்ந்தே ஒழுங்கடைகிறது என்று எழுதினார்கள். அருமண் மேற்பரப்பு வெற்றிடத்திலுள்ள மிச்ச வாயுவைக்கூட இழுத்துக்கொள்ளும். இந்தத் துறையில் தூய்மையும் ஓர் அளவீடுதான்.

ஃபெம்டோ நொடியில் திரும்புதல்

1996இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் போரேப்பேர், பிகோ குழுவினர் 60 ஃபெம்டோ நொடி லேசர்த் துடிப்பால் நிக்கல் படலத்தின் காந்தத்தை ஒரு பிக்கோ நொடிக்குள் குறைத்துக் காட்டினார்கள். காந்தத்தைக் குறைக்க முடியும், சரி. திருப்ப முடியுமா?

2007இல் நெதர்லாந்தின் நைமேகனில் ராசிங், கிமெல், கிரிலியுக் ஆகியோரின் ஆய்வகத்திலிருந்து ஸ்டான்சியு எழுதிய கட்டுரை வந்தது. ஜப்பானின் நிஹோன் பல்கலைக்கழகத்தில் செய்த காடோலினியம், இரும்பு, கோபால்ட் படலத்தை, வெளிப்புலம் எதுவுமின்றி, 40 ஃபெம்டோ நொடி வட்டத் தளவிளைவு ஒளித்துடிப்பால் மட்டுமே அவர்கள் திருப்பியிருந்தார்கள். ஒளியின் சுழற்சியே காந்தத்தைத் திருப்புகிறது என்று அப்போது எண்ணப்பட்டது.

உண்மை அதைவிட எளியதாகவும் அதைவிட வியப்பானதாகவும் இருந்தது. 2011இல் ராடு முதலியோர் பெர்லினின் பெஸ்ஸி சிங்க்ரோட்ரானில் இரும்பையும் காடோலினியத்தையும் தனித்தனியே பின்தொடர்ந்தார்கள். இரும்பு ஏறக்குறைய 300 ஃபெம்டோ நொடியில் பூச்சியத்தைக் கடந்துவிட்டது. காடோலினியத்துக்கு 1.5 பிக்கோ நொடி ஆனது. இடைப்பட்ட அந்தக் கணத்தில், எப்போதும் எதிரெதிரே நிற்கும் இரண்டும் ஒரே பக்கம் நோக்கி நின்றன. அடுத்த ஆண்டு ஆஸ்ட்லர் முதலியோர் ஒளியின் சுழற்சி தேவையே இல்லை, திடீர் வெப்பம் மட்டும் போதும் என்று காட்டினார்கள். இரும்பின் 3டி எலக்ட்ரான்கள் வெப்பத்தை உடனே வாங்கித் தளர்ந்துவிடுகின்றன. புதைந்திருக்கும் 4எஃப் மெதுவாகத் தளர்கிறது. தளரும்போது காடோலினியம் இழக்கும் கோண உந்தம் இரும்புக்குப் போய், பூச்சியத்தில் நிற்கும் இரும்பை மறுபக்கம் தள்ளிவிடுகிறது. பிறகு இரும்பு தன் பழைய எதிர்ப்பின்படி காடோலினியத்தைத் திருப்புகிறது. ஒரு துடிப்பு திருப்பும், அடுத்தது மீண்டும் திருப்பும். மொத்தக் காந்தமாக்கத்தை மட்டும் அளந்திருந்தால் இந்த நாடகத்தின் நடுக்காட்சி கண்ணில் பட்டிருக்காது.

2017இல் ஐந்தோவன் குழுவின் லாலியூ, பிளாட்டினம், கோபால்ட், காடோலினியம் என்று வெறும் மூன்று அடுக்குகளிலேயே ஒற்றைத் துடிப்புத் திருப்பத்தைக் காட்டினார். கலவையின் விகிதத்தை ஈடுசெய் புள்ளிக்கு அருகே துல்லியமாக அமைக்க வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. எல்லையில் நடக்கும் கோண உந்தப் பரிமாற்றமே வேலையை முடித்துவிடுகிறது. அடுக்குகளின் பக்கம் நிற்கும் வாதங்களில் இதைவிட வலுவானதை நான் காணவில்லை.

டெர்பியத்தின் கதை இன்னும் தீரவில்லை. அதன் 4எஃப் முகில் தட்டையானது என்பதால் கோண உந்தம் படிக அணிக்கு எளிதில் கசிந்துவிடும், ஆகவே காடோலினியம்போல அது திரும்பாது என்றே எண்ணினார்கள். ஆனால் 2020இல் வெளிவந்த ஆய்வொன்றில், டெர்பியம், கோபால்ட் அடுக்குகள் குறிப்பிட்ட தடிமன் எல்லைக்குள் ஒற்றைத் துடிப்பில் திரும்பின. இதன் இயங்குமுறை காடோலினியத்தின் இயங்குமுறையாகவே இருக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது குழப்பத்தையே வளர்க்கும்.

இரண்டாவது பூச்சியம்

காந்தம் ஈடுசெய்யப்படும் புள்ளியும் கோண உந்தம் ஈடுசெய்யப்படும் புள்ளியும் ஒன்றல்ல. காடோலினியத்தின் ஜி எண் 2, இரும்புக்கும் கோபால்ட்டுக்கும் சற்றுக் கூடுதல். ஆகவே காந்தம் சமமாகும்போதும் காடோலினியத்தின் கோண உந்தம் சற்று மிஞ்சி நிற்கும். இன்னும் கொஞ்சம் சூடாக்கினால்தான் அதுவும் சமமாகும். அந்த இரண்டாவது புள்ளியில் காந்தம் எஞ்சியிருக்கும், ஆனால் பம்பரத்தைத் தலைசுற்றவைக்கும் அச்சுச்சுழற்சி இல்லாமல் போகும். 2017இல் கியோட்டோவின் ஓனோ குழுவினரும் கொரிய ஆய்வாளர்களும் சேர்ந்து, எதிரெதிர்த் திசைக் காந்தப் பகுதிகளைப் பிரிக்கும் பெருங்கூறுச் சுவரின் வேகம் அங்கே உச்சமடைவதைக் காட்டினார்கள். 2018இல் எம்ஐடியில் பீச் ஆய்வகத்தின் கரெட்டா, காடோலினியம், கோபால்ட் படலத்தில் நொடிக்கு 1.3 கிலோமீட்டர் சுவர் வேகத்தையும், அறை வெப்பநிலையில் 10 நானோமீட்டர் அளவுள்ள ஸ்கிர்மியான்கள் என்னும் சுழல் வடிவக் காந்த முடிச்சுகளையும் அறிவித்தார். படலத்துக்கு வெளியே கசியும் தெறிபுலம் ஏறத்தாழ இல்லாததால் அவை சிறுத்தும் நிலைத்தும் இருக்கின்றன. சான் டியேகோவில் 80 முறை திரும்பத் திரும்ப அடுக்கிய இரும்பு, காடோலினியப் படலங்களில் நேர்மாறாக, தெறிபுலத்தாலேயே நிலைபெறும் ஸ்கிர்மியான்கள் கிடைத்தன. உலோகங்கள் கிட்டத்தட்ட ஒன்றே, அமைப்பு மட்டும் வேறு.

தடை எங்கே?

அருமண் கிடைக்காது என்ற அச்சம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு தனிமங்களில் காடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம் மூன்றும் இருந்தன. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் மோனசைட் மணலை நம்பலாமா என்றால், அதில் மிகுந்திருப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற இலேசான அருமண்கள். கனமானவை மிகச் சொற்பம். மின்மோட்டார் செய்பவர்களுக்கு இது உண்மையான கவலை. படலம் செய்பவர்களுக்கு அவ்வளவாக இல்லை. 300 மில்லிமீட்டர் சிலிக்கன் தட்டு முழுவதும் ஒரு நானோமீட்டர் காடோலினியம் பூச அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் செலவாகும். இலக்குத் தகட்டில் வீணாவதைப் பலமடங்கு சேர்த்தாலும் அது சிறு அளவே.

தடை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று ஆக்சிஜன். மூடுபடலம் சரியில்லாவிட்டால் அருமண் மெல்ல மெல்ல ஆக்சைடாகி, கலவையின் விகிதமே மாறி, ஈடுசெய் வெப்பநிலை நகர்ந்துவிடும். இன்று அளந்த படலமும் ஆறு மாதம் கழித்து அளக்கும் படலமும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இன்னொன்று வெப்பம். சில்லுத் தயாரிப்பின் இறுதிக்கட்டம் 400 டிகிரி செல்சியஸ் வரை கேட்கிறது. வளரும்போது எல்லையில் அமைந்த அணு இணைகள் அதற்கு வெகு முன்பே கலையத் தொடங்கிவிடுகின்றன. படலத்துக்குச் செங்குத்துக் காந்தத்தைத் தந்த அதே மென்மையான ஒழுங்குதான் தொழிற்சாலையில் அதைப் பலவீனமாக்குகிறது. ஃபெம்டோ நொடித் திருப்பங்களைப் பற்றிக் கட்டுரைகள் குவிகின்றன. அந்த 400 டிகிரியைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. நினைவகச் சில்லில் இந்தப் படலங்கள் இடம்பிடிக்குமா என்பதை வேகம் தீர்மானிக்காது, வெப்பம் தாங்கும் எல்லையே தீர்மானிக்கும் என்பது என் கருத்து.

இத்துறைக்குள் நுழையும் இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரையில் உலோகங்களின் பெயரையும் தடிமனையும் காந்தமாக்கத்தையும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆர்கான் எந்த அழுத்தத்தில் இருந்தது, எந்த உலோகம் முதலில் படிந்தது, மேலே எதை மூடினீர்கள், எத்தனை டிகிரிவரை சூடாக்கிப் பார்த்தீர்கள், படிந்து எத்தனை நாள் கழித்து அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு அதே படலத்தைச் செய்யப்போகிறவருக்கு அந்த ஐந்து வரிகள் வேண்டும்.